கரிசல் கரிசலாகவே இருக்கட்டும்: பரளச்சி வட்டாரத்துப் படக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பரளச்சி, திருச்சுழி, மண்டபசாலை, ம.ரெட்டியபட்டி, நரிக்குடி, அருப்புக்கோட்டைப் பக்கங்களில் செல்போனிலும் கேமராவிலும் காட்டையும் கண்மாயையும் படம் எடுத்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் சீமையை அழகென்று நினைத்துப் படம் எடுத்தவர்கள் முன்பு மிகக் குறைவு. காலண்டர் படம் என்றால் குற்றாலம், கொடைக்கானல், தஞ்சாவூர் வயல். கரிசல் காடு படமாக வேண்டுமென்றால் பஞ்சம் வந்தாக வேண்டும். வெடித்த நிலமும் காலிக் குடமும்தான் பத்திரிகைக்குப் போகும். எழுத்தில் அப்படி இல்லை. இடைசெவலில் இருந்துகொண்டு கி. ராஜநாராயணன் இந்த மண்ணின் பயிர் பச்சை, ஆடு மாடு, பேச்சு, பண்டம் எல்லாவற்றையும் எழுத்தில் ஏற்றினார். நமக்குப் பக்கத்து மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் ‘நெடுங்குருதி’ நாவலில் வெயிலடித்த ஒரு கிராமத்தை முழுதாக நிறுத்தினார். விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2006இல் எடுத்த படத்துக்கு ‘வெயில்’ என்றே பெயர் வைத்தார். அவர்கள் எழுத்திலும் திரையிலும் செய்த வேலையை நிழற்படத்தில் இப்போது நீங்கள் செய்கிறீர்கள். அதற்காகவே உங்கள் படங்களை ஒன்றுவிடாமல் பார்க்கிறேன், பார்த்து மகிழ்கிறேன்.

ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவை இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றன. சில, எடுத்தது எடுத்தபடி சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. நேரில் பார்த்தபோது உங்களை நிற்க வைத்த ஏதோ ஒன்று அவற்றில் இல்லை. சில, அந்தக் குறையைப் போக்குகிறேன் என்று எல்லாப் பொத்தான்களையும் கடைசி வரை தள்ளி, பரளச்சியைத் தஞ்சாவூராகவும், பங்குனி வெயிலைச் சிம்லாக் குளிராகவும் மாற்றிவிட்டவை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் தட்டையாகத் தெரிவது கேமராவும் வெளிச்சமும் சேர்ந்து செய்த குறை. நிலம் தட்டையாக இருப்பது நிலத்தின் இயல்பு. முதலாவதைத் தயங்காமல் திருத்துங்கள். இரண்டாவதில் கை வைக்காதீர்கள். ஒரு படத்தைத் திருத்திய பிறகு, இந்த ஊரில் உழுது விதைத்த ஒருவர் அதைப் பார்த்து, இது எந்த மாதம், எந்த நேரம், என்ன மண், மழை பெய்ததா இல்லையா என்று சரியாகச் சொல்ல முடிந்தால் உங்கள் திருத்தம் சரி. அவரால் சொல்ல முடியாமல் போனாலோ, தவறாகச் சொன்னாலோ, எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நம் ஊர்ப் படம் இல்லை.

முதலில் படம் ஏன் தட்டையாக வருகிறது என்று பார்ப்போம். காரணம் தெரியாமல் திருத்தினால் பொத்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நாம் இருப்பது ஏறத்தாழ ஒன்பதரை பாகை வட அட்சரேகையில். சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒரு முறையும், ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மறுமுறையும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. பகல் 12.15 மணியைத் தாண்டியதும் நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. மற்ற பல மாதங்களிலும் நடுப்பகலில் நிழல் குட்டையாகத்தான் விழும். மண் கட்டி, உழவுச்சால், வெடிப்பு, வரப்பு எல்லாவற்றுக்கும் உருவம் கொடுப்பது பக்கவாட்டு நிழல். அது இல்லாதபோது உழுத காடும் உழாத காடும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இன்னொன்று: நம் பக்கம் சூரியன் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்குகிறது. ஐரோப்பியப் படக்காரர்கள் பாடம் நடத்தும்போது மாலைப் பொன்னொளி நெடுநேரம் நிற்பதாகச் சொல்வார்கள். அவர்கள் ஊரில் சூரியன் சாய்வாக நகர்வதால் அது உண்மை. இங்கே நல்ல சாய்வெயில் முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதைத் தவறவிட்டு நண்பகலில் எடுத்த படத்துக்கு, வீட்டில் உட்கார்ந்து மஞ்சள் பூசினால் அது மாலையாகாது. நிழல் காலடியில் கிடக்க, வெளிச்சம் மட்டும் மாலையாக இருக்கும் அந்தப் படம் பொய்யென்று ஆடு மேய்க்கிற சிறுவனுக்குக்கூடத் தெரியும்.

இரண்டாவது காரணம் மண். கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பது கறுப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு நடுச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு அளக்கிறது. கரிசல் அப்படி இல்லை. படத்தின் முக்கால் பங்கைக் கரிசல் நிறைத்தால், கேமரா அதை இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மண் சாம்பலாக வெளிறும், வானம் வெள்ளைத் தாளாகிவிடும். நீங்கள் பார்த்த கறுப்பு படத்தில் காணாமல் போவது இதனால்தான். இதற்கு மருந்து எடுக்கும்போதே இருக்கிறது. செல்போனில் மண்ணைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்றே கீழே இழுங்கள். கேமராவில் ஒளி ஈடுசெய்தலை முக்கால் படியோ ஒரு படியோ குறையுங்கள். மண் தன் நிறத்துக்கு வந்துவிடும், வானத்தில் மேகத்தின் கோடுகளும் தப்பிக்கும். பருத்தி வெடித்து நிற்கும் காட்டில் இது இன்னும் முக்கியம். வெளிறிப்போன பஞ்சில் பிறகு எவ்வளவு தேடினாலும் இழை கிடைக்காது.

மூன்றாவது காரணம் தூசியும் ஈரமும். ஆனி, ஆடிக் காற்றில் புழுதி, மார்கழிக் காலையில் பனிமூட்டம், ஊருக்கு ஊர் சீமைக்கருவேல விறகைச் சுடும் கரிமூட்டப் புகை. இவை வெளிச்சத்தைச் சிதறடித்து, தொலைவில் உள்ளவற்றை வெளுப்பாக்கி, நிழல்களின் கறுப்பைக் குறைத்துவிடுகின்றன. நான்காவது, கருவியின் வழக்கம். செல்போன் ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கி, இருட்டைத் தூக்கி வெளிச்சத்தை இறக்கிக் கொடுக்கிறது. எல்லாம் தெரியும், எதுவும் எடுப்பாகத் தெரியாது. கேமராவின் ரா கோப்போ நேர்மாறு: எதையும் சேர்க்காத கச்சாப் பொருள். அது சப்பென்று இருப்பதுதான் முறை. அதில் வேலை செய்ய வேண்டியது உங்கள் பொறுப்பு.

முடிந்தால் ரா கோப்பிலேயே எடுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 12 பிட் ரா கோப்பில் 4,096; 14 பிட்டில் 16,384. நம் படங்களில் பாதிக்கு மேல் வானம். வெளிர்நீலத்திலிருந்து நீலத்துக்கு மெல்ல மாறும் அந்த வானத்தை ஜேபெக்கில் இழுத்தால் படிப்படியாகப் பட்டை விழும். இப்போது பல செல்போன்களிலேயே ரா வசதி இருக்கிறது. திருத்துவதற்கு ஸ்னாப்சீட், லைட்ரூம் செயலி, கணினியில் டார்க்டேபிள், ராதெரபி போன்றவை காசில்லாமலேயே கிடைக்கின்றன. நல்ல படம் எடுக்கப் பணம் தடையில்லை.

இனி திருத்தும் முறை. வரிசை முக்கியம் என்பதால் வரிசையாகவே சொல்கிறேன்.

அடிவானத்தை நேராக்குங்கள். மலை இருக்கிற ஊரில் அரைப் பாகைச் சாய்வு தெரியாது. நம் ஊரில் அடிவானம் நூல் பிடித்தது போல் ஓடுகிறது. கண்மாய்த் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தோடுவது போல் தெரிந்தால் பார்க்கிறவர் மனம் வேறெதிலும் நிற்காது.

அடுத்து வெண்மைச் சமநிலை. தானியங்கி நிலையில் வைத்தால், காட்சி முழுக்க மஞ்சளாக இருக்கும் மாலையில் கேமரா அந்த மஞ்சளைப் பிழையென்று எண்ணிக் கழித்துவிடும். பகல் வெளிச்சம் என்ற நிலையில், ஏறத்தாழ 5,500 கெல்வினில் வைத்துத் தொடங்குங்கள். மாலை மாலையாக இருக்கும், மதியம் மதியமாக இருக்கும். அதிலிருந்து சிறிது கூட்டலாம், குறைக்கலாம். சாணி மெழுகிய களம், வெள்ளையடித்த கோயில் சுவர், வெள்ளாட்டின் முதுகு என்று நிறம் தெரிந்த ஏதாவது ஒன்றைப் படத்துக்குள் வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

பிறகு கறுப்புப் புள்ளியும் வெள்ளைப் புள்ளியும். தட்டையான படத்தின் ஒளிப்பரவல் வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) பாருங்கள்: மேடு முழுவதும் நடுவில் குவிந்திருக்கும், இரண்டு ஓரமும் காலியாக இருக்கும். இடது ஓரத்தை மேடு தொடும் வரை கறுப்பை இறக்குங்கள். வலது ஓரத்தை நெருங்கும் வரை வெள்ளையை ஏற்றுங்கள். பாதிப் படங்களுக்கு இந்த ஒரு வேலையே போதும். நம் காட்டில் உண்மையான கறுப்பு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழை நனைத்த உழவுச்சால், பனையடி நிழல், கருவேலம் புதருக்குள் இருக்கும் இருட்டு. உண்மையான வெள்ளை எது? வெடித்த பருத்தி, கொக்கு, தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில். காய்ந்த கரிசலின் மேல்தோல் சற்றே சாம்பல் கலந்தது. அதை மழைநாள் கறுப்பாக்கினால் சித்திரை ஐப்பசியாகிவிடும்.

இதன் பிறகும் உயிரில்லை என்றால் ‘கர்வ்ஸ்’ எனப்படும் வளைகோட்டைத் தொடுங்கள். நடுவில் ஒரு புள்ளி, அதற்குக் கீழே ஒன்றைச் சிறிது இறக்கி, மேலே ஒன்றைச் சிறிது ஏற்றினால் போதும். மாறுபாடு என்ற பொத்தானைத் தள்ளினால் எல்லா இடமும் ஒரே அளவில் மாறும். வளைகோட்டில் மண்ணை மட்டும், மேகத்தை மட்டும் என்று தனித்தனியே அசைக்கலாம்.

அடுத்து இடம் பார்த்துத் திருத்துதல். இதுதான் தட்டையான படத்துக்கு நல்ல வைத்தியம். முழுப் படத்தையும் ஏற்றாமல், வெயில் பட்ட இடத்தில் சிறிது வெளிச்சம், நிழல் விழுந்த இடத்தில் சிறிது இருட்டு. ஏற்கெனவே இருக்கிற வெளிச்சத்தை அழுத்திச் சொல்வதுதான் இந்த வேலை. இல்லாத இடத்தில் வெளிச்சம் போடுவது இல்லை. ஸ்னாப்சீட்டில் ‘செலக்டிவ்’ கருவி இதற்கென்றே இருக்கிறது. தொலைவில் தெரியும் பனைக் கூட்டம், வண்டிப்பாதையின் வளைவு, கிடை போட்ட செம்மறிகளின் முதுகு. கண் எங்கே போக வேண்டுமோ அங்கே மட்டும் தொடுங்கள்.

கண்மாய்ப் படத்தில் ஒரு கவனம். தண்ணீரில் விழும் பிம்பம், தான் பிரதிபலிக்கிற வானத்தைவிட வெளிச்சமாக இருக்கவே முடியாது. தண்ணீர் ஒளியில் ஒரு பங்கை உள்ளே வாங்கிக்கொள்ளும். வானத்தை மட்டும் இருட்டாக்கித் தண்ணீரை அப்படியே விட்டால், கீழே விளக்குப் போட்டது போலத் தெரியும். எதனால் என்று சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ உறுத்தும். வானத்தை இறக்கினால் தண்ணீரையும் இறக்குங்கள்.

கடைசியாக நிறம். நம் பச்சை, வயல்வெளிப் பச்சை இல்லை. சீமைக்கருவேல இலை சாம்பலோடிய பச்சை. பனையோலை மங்கிய பச்சை; உடைமரம் மஞ்சள் தட்டிய பச்சை. வேம்பு துளிர்க்கும் பங்குனியில் மட்டும் ஒரு செம்பு நிறம் வந்து போகும். சோளத்தட்டை காய்ந்தால் ஒரு வெண்மஞ்சள். இந்த வேறுபாடுகள்தான் இந்தச் சீமையின் நிறச் செல்வம். நிறச்செறிவு என்ற பொத்தானைத் தள்ளினால் எல்லாப் பச்சையும் ஒரே பச்சையாகிவிடும். அதற்குப் பதிலாக ‘வைப்ரன்ஸ்’ என்பதைச் சிறிது கூட்டுங்கள். அது மங்கிய நிறங்களை மட்டும் தூக்கும். ஏற்கெனவே அழுத்தமாக இருப்பதை அவ்வளவாகத் தொடாது. மிளகாய்க் களத்தில் இதுகூட வேண்டாம். சிவப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் நிரம்பி வழிந்துவிடும். வழிந்தபின் ஒரு வத்தலுக்கும் அடுத்த வத்தலுக்கும் எல்லை தெரியாது, சிவப்புச் சாயம் கொட்டியது போல் ஆகிவிடும். அங்கே நிறத்தைக் குறைத்தால்தான் மிளகாய் மிளகாயாகத் தெரியும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மங்கலை நீக்கும் பொத்தானைப் பற்றி. 2015இல் லைட்ரூமில் ‘டீஹேஸ்’ வந்தது. இப்போது பல செயலிகளில் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. நம் படங்களுக்கு இதைவிட ஆசை காட்டுகிற, இதைவிடக் கேடு செய்கிற கருவி வேறில்லை. மலை நாட்டில் ஒரு மலைக்குப் பின் இன்னொரு மலை தெரிவதால் தொலைவு புரிகிறது. நம் நாட்டில் அப்படி எதுவும் இல்லை. பக்கத்துப் பனை கறுப்பு, அடுத்த பனை சாம்பல், அதற்கும் அடுத்தது வெளிர்நீலம் என்று காற்று வெளுத்துக் காட்டுவதால் மட்டும்தான் நிலத்தின் நீளம் தெரிகிறது. அந்த மங்கலைத் துடைத்தெடுத்தால் மூன்று பனையும் ஒரே சுவரில் ஒட்டினாற்போல் வந்து நிற்கும். தட்டையைப் போக்கப் போய்த் தட்டையைக் கூட்டியதாகிவிடும். அருகில் இருக்கிற மண்ணில் மட்டும் சிறிது பயன்படுத்துங்கள். அடிவானத்தை விட்டுவிடுங்கள்.

அதே போல் ‘ஸ்ட்ரக்சர்’, ‘எச்டிஆர் ஸ்கேப்’ போன்றவற்றைத் தள்ளினால் பனை மட்டையைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஒளிவட்டம் போல் விழும். வெயில் காயும் வானத்தை ஒட்டி நிற்கும் பனையில் இது பளிச்சென்று தெரியும். அதைக் கண்டால் பொத்தானைப் பாதிக்குப் பின்னால் கொண்டுவந்துவிடுங்கள்.

வானத்தை மாற்றும் வேலைக்கு வருகிறேன். 2020 அக்டோபரில் போட்டோஷாப்பிலேயே ஒரே சொடுக்கில் வானத்தை மாற்றும் வசதி வந்தது. இன்று செல்போனிலும் வந்துவிட்டது. இந்த ஆசை புதிதில்லை. நிழற்படக் கலையின் வயதேதான் இதற்கும். சென்னை மாகாண அரசின் படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரைக்கு வந்து திருமலை நாயக்கர் அரண்மனையையும் கோயிலையும் படம் எடுத்தார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்கள் அவை. அந்தக் கால ரசாயனம் நீல ஒளியை மட்டும் அதிகமாக வாங்கிக்கொள்ளும். அதனால் வானம் வெறும் வெளுப்பாகவும் மரங்கள் இருட்டாகவும் விழும். டிரைப் நெகட்டிவின் பின்பக்கம் வண்ணம் தீட்டி மேகங்களையும் இலைகளையும் உருவாக்கினார். அதே ஆண்டுகளில் பிரான்சில் குஸ்தாவ் லு கிரே கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து ஒன்றாக அச்சிட்டார்.

அவர்களைக் காட்டி, அவர்கள் செய்யவில்லையா என்று சிலர் கேட்பார்கள். அவர்களிடம் வானத்தைப் பிடிக்கும் கருவி இல்லை. ஒரே நெகட்டிவில் நிலத்தையும் வானத்தையும் பதிய வழியே இல்லாதபோது கையால் ஈடுகட்டினார்கள். உங்கள் கையில் இருக்கிற கருவி அந்த வானத்தைப் பிடிக்கும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்தால் போதும். பிடிக்க முடிகிற வானத்தை எறிந்துவிட்டு, எங்கோ ஒரு கடற்கரையில் எவரோ எடுத்த மேகத்தைக் கொண்டுவந்து பரளச்சிக் கண்மாய்க்கு மேல் ஒட்டுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. நம் வானம் பல மாதங்கள் மேகமில்லாமல்தான் இருக்கும். அந்த வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இங்கே விதைக்கிறார்கள். கருமேகம் இறங்கும் ஐப்பசியும் கார்த்திகையும் எவ்வளவு பெரியவை என்று புரிய வேண்டுமானால், மேகமில்லாத வைகாசியும் படத்தில் இருக்க வேண்டும்.

திருத்தலின் எல்லையைக் காட்ட அமெரிக்கப் படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் நல்ல உதாரணம். 1941இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுவதை எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சிட்டார். பிற்காலத்து அச்சுகளில் வானம் மிகவும் கறுத்துவிட்டது. வானத்தில் இருந்த மேகத்தை அடக்கினார், நிலாவையும் சிலுவைகளையும் எடுத்துக்காட்டினார். ஆனால் வேறொரு நாளின் நிலாவைக் கொண்டுவந்து வைக்கவில்லை. வெளிச்சத்தின் அளவு படக்காரருடையது. அங்கே என்ன இருந்தது என்பது அந்த இடத்துக்கும் அந்த நேரத்துக்கும் உரியது.

அந்த எல்லையைத் தாண்டியவர்கள் பெயர் கெட்ட கதைகளும் உண்டு. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் அட்டையின் உயரத்துக்குப் பொருந்த எகிப்தியப் பிரமிடுகளை நெருக்கி வைத்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த அட்டையைச் சொல்லிக்காட்டுகிறார்கள். 2016இல் அமெரிக்கப் படக்காரர் ஸ்டீவ் மெக்கரியின் படங்களில் ஆட்களும் பொருட்களும் நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அவற்றில் இந்தியாவில் எடுத்தவையும் இருந்தன. 2015ஆம் ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றுவரை வந்த படங்களில் ஐந்தில் ஒரு பங்கு, மூலக்கோப்போடு ஒப்பிட்டபோது தள்ளப்பட்டன.

நாம் என்ன பத்திரிகைக்கா எடுக்கிறோம் என்று நினைக்காதீர்கள். உங்கள் படம்தான் இந்த ஊர்களின் ஆவணம். வேறு எவரும் பரளச்சிக் கண்மாயை மாதந்தோறும் எடுக்கப்போவதில்லை. எந்த ஆண்டு நிறைந்தது, எந்த ஆண்டு காய்ந்தது, சீமைக்கருவேலம் எதுவரை ஏறியது, எந்தப் பனை வெட்டுப்பட்டது என்று பத்தாண்டு கழித்து ஒருவர் தேடினால் உங்கள் படங்கள்தான் கிடைக்கும். வறண்ட ஆண்டைப் பச்சையாக்கிய படம் அவருக்கு உதவாது. நல்ல மழை பெய்த ஆண்டை, பார்ப்பவர் பரிதாபப்படட்டும் என்று செம்மண் நிறத்தில் தோய்த்து வறட்சியாகக் காட்டிய படமும் உதவாது. இந்த இரண்டாவது பொய்யையும் நாம் நிறையப் பார்க்கிறோம். பஞ்சத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்குப் பஞ்சத்தையே கொடுப்பது நம் மண்ணுக்குச் செய்யும் அவமதிப்பு. பயிர்ச் சேதத்துக்கோ காப்பீட்டுக்கோ படம் அனுப்ப வேண்டி வந்தால் எந்தத் திருத்தமும் செய்யாத மூலப்படத்தையே அனுப்புங்கள்.

மின்கம்பத்தை அழிக்காதீர்கள் என்பதும் இதனால்தான். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்த பிறகு நம் சுற்றுவட்டாரத்தின் அடிவானமே மாறியிருக்கிறது. கம்பிகளும் கோபுரங்களும் இன்றைய கரிசலின் பகுதி. அவை படத்தைக் கெடுக்கின்றன என்று தோன்றினால் பத்தடி நகர்ந்து நில்லுங்கள். நகரவும் முடியாவிட்டால் அவற்றையும் சேர்த்து எடுங்கள்.

மதுரைக்காரர் எம். பழனி குமார் பாரி என்னும் ஊரக இந்தியாவின் மக்கள் காப்பகத்துக்காக எடுத்துவரும் படங்களைத் தேடிப் பாருங்கள். ராமநாதபுரம் கடற்கரையில் பாசி எடுக்கும் பெண்களின் படங்களில் கடலின் நிறம் கடலின் நிறமாகவே இருக்கிறது. அதனால்தான் அந்தப் பெண்களின் உழைப்பு நம் கண்ணில் நேராக வந்து விழுகிறது.

இனி நடைமுறைக்குச் சில. நம் ஊரில் மேடு என்றால் கண்மாய்க்கரைதான். கரையில் ஏறி நின்றால் வயல், வாய்க்கால், ஊர் எல்லாம் அடுக்கடுக்காக விரியும், பாதித் தட்டை அங்கேயே தீர்ந்துவிடும். வெடித்த நிலத்தை எடுக்கக் குனியுங்கள். முழங்கால் உயரத்தில் சாய்வெயிலில் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு நிழல் கிடைக்கும். முன்னால் ஒரு பொருள், நடுவில் ஒன்று, தொலைவில் ஒன்று இருக்கும்படி நில்லுங்கள். மழை விட்ட மறுநாள் காலையைத் தவறவிடாதீர்கள். தூசி அடங்கி, மண் கறுத்து, இலை கழுவிவிட்டாற்போல் இருக்கும் அந்தக் காலையில் எந்தத் திருத்தமும் இல்லாமலே படம் வரும்.

திருத்தி முடித்ததும் உடனே வெளியிடாதீர்கள். ஓர் இரவு கிடக்கட்டும். மறுநாள் மூலப்படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செய்ததெல்லாம் கூடுதலாகத் தெரிந்தால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். இன்னொருவர் செல்போனில், வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவைத்துப் பாருங்கள். திரை பளபளப்பாக இருந்தால் எந்தப் படமும் நன்றாகத்தான் தெரியும். பிறகு வீட்டிலிருக்கும் அப்பத்தாவிடமோ, காட்டு வேலைக்குப் போய்வரும் சித்தப்பாவிடமோ காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். பிள்ளை மனம் நோகக்கூடாதென்று நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இது எந்த மாதம் என்று கேளுங்கள். எந்த வெள்ளாமை என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது சரியாக இருந்தால் படத்தை ஊருக்குக் காட்டுங்கள்.

எந்த விருதுக் குழுவின் மதிப்பெண்ணைவிடவும் அந்தப் பதில் பெரிது என்று நான் நம்புகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. மூலப்படத்தை ஒருபோதும் அழிக்காமல், திருத்தியதைத் தனிக்கோப்பாக வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஊர்ப் பெயரும் தேதியும் எழுதுங்கள். உங்கள் ஊர்க் கண்மாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே இடத்தில் நின்று, மாதம் ஒரு படம் எடுங்கள். பன்னிரண்டு மாதமும் பன்னிரண்டு நிறத்தில் இருக்கும். அந்த நிறங்களை அப்படியே விட்டுவையுங்கள். இந்த மாதத்திலிருந்தே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்துப் படக்காரன் ஒருவன்